காஞ்சியின் மரங்களுக்குக் காற்று

ஏக ஆம்ரம், அதாவது ஒற்றை மாமரம் என்பதே ஏகாம்பரம் என்று மருவிற்று என்பர். காஞ்சி ஏகாம்பரநாதர் ஆலயத்து ஸ்தல விருக்ஷம் 3,500 ஆண்டு கண்டதென்றும், அதன் நான்கு கிளைகளும் நான்கு வேதங்களென்றும், கிளைக்கொரு சுவையாய்க் கனி தருமென்றும் ஐதிகம். மரத்தைத் தெய்வமாய்த் தொழும் நாம், மரம் நிற்கும் மண்ணைப்பற்றி மட்டும் சிந்திப்பதேயில்லை.

நம் ஊர்களில் சாலை போடும்போது நடப்பதைப் பாருங்கள். அடிமரம் வரையில் சிமெண்டையும் தாரையும் கொட்டி இறுக்கிவிடுகிறார்கள். வேருக்கும் மூச்சு உண்டு. நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஓரிரண்டு அடிக்குள் பரவி, கிளையின் நிழலுக்கு அப்பாலும் வெகுதூரம் ஓடுகின்றன. மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றுமில்லை, நீருமில்லை. உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். உடனே, மரத்துக்கு நோய் என்று தீர்ப்புக் கூறிக் கோடரியைத் தேடுவார்கள். தெருவில் பட்டுப்பாவை நீட்டி வேலை செய்யும் நெசவாளருக்கு நிழல் போவதைப்பற்றி யாருக்குக் கவலை? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகும் நாம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

இறுகிய மண்ணைக் கடப்பாரையால் கொத்தினால் வேரும் அறுபடும். மேல்நாடுகளில் மரவைத்தியர்கள் இதற்குக் காற்றையே மண்வெட்டியாக்கியிருக்கிறார்கள். சதுர அங்குலத்துக்குச் சுமார் 90 பவுண்டு அழுத்தமுள்ள காற்று, நீண்ட குழாயின் முனையிலுள்ள சிறு துவாரத்தின் வழியே, ஒலியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பாய்கிறது. மண்ணில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. காற்று அவற்றினுள் புகுந்து விரிய, மண் பொடிந்து சிதறுகிறது. வேரில் அத்தகைய இடைவெளி இல்லாததால் அது பெரும்பாலும் சேதமின்றி வெளிப்படுகிறது. சிக்குண்ட பாவை இழை அறாமல் பிரித்தெடுக்கும் காஞ்சி நெசவாளிக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

மண் விலகியதும், அடிமரத்தைச் சுற்றி நெரிக்கும் வேர் இருந்தால் அதை மட்டும் அறுத்தெடுக்கலாம். மக்கிய எருவைக் கலந்து மண்ணை மீண்டும் நிரப்பலாம். ஆனால் இது விளையாட்டு வேலையன்று. புழுதியும் இரைச்சலும் மிகுதி. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அவசியம். சேறாய் நனைந்த களிமண்ணில் காற்றுக்கு வேலையில்லை. வெளிப்பட்ட நுண்வேர்கள் நம் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடுமாகையால், ஈரச் சாக்கால் மூடி, தாமதமின்றி மண்ணிட்டு நீர் வார்க்கவேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கக்கூடும். சாலையை உடைப்பதற்கு டிராக்டரில் பூட்டிய கம்பிரசர் எந்த ஊரிலும் வாடகைக்கு வருகிறதே! உடைக்கும் உளிக்குப் பதில் இந்தக் குழாயைப் பொருத்தவேண்டும், அழுத்தமும் காற்றின் அளவும் போதுமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவே. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டில்லி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. தலைநகருக்கு ஆகும் நியாயம் காஞ்சிக்கு ஆகாதோ?

2021-ல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரம் முதலில் அந்த ஒரு மீட்டரை விடுவிக்கட்டும். அதன்பின், பழுத்த அனுபவமுள்ள விவசாய நிபுணர்களைக் கொண்டு, சாமானியத் தெருமரங்கள் சிலவற்றில் இக்கருவியைப் பரீக்ஷித்துப் பார்க்கட்டும். ஸ்தல விருக்ஷங்களின் அருகே அதற்குமுன் எவரும் குழாயைக் கொண்டுபோக வேண்டாம். ஆவணி மாதத்து மாலை மழையில் மண் சற்றே இளகியிருக்கும். ஐப்பசி அடைமழைக்குள் வேலையை முடித்துவிடலாம்.