உலர்த்தும் இயந்திரத்தின் சின்னஞ்சிறு சாட்சி

ஜூன் மாதம் பிறந்து எடவப்பாதி மழை இறங்கிவிட்டால், மட்டாஞ்சேரி வீடுகளில் துணி உலர்த்துவதே பெரும்பாடாகிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் கொச்சி. பள்ளிச் சீருடையும் படுக்கை விரிப்பும் மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் தொங்கியும் ஈரவாடை நீங்குவதில்லை. மின்சாரத்தால் இயங்கும் துணி உலர்த்தும் இயந்திரம் இத்தகைய வீடுகளில் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் தோபிகானா என்னும் சலவைக்கூடம் உள்ளது. டச்சுக்காரர் ஆட்சியில் படைவீரர்களின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழிவந்தோர் இன்றும் அங்கே தொழில் செய்கின்றனர். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி, கிளிப் ஏதுமின்றி வெயிலில் காயவிடுவது அவர்கள் வழக்கம். காய்ந்ததா இல்லையா என்பதைத் தொட்ட கையே சொல்லிவிடும்.

இயந்திரத்துக்குக் கை இல்லை. உள்ளே சுழலும் காற்று எவ்வளவு சூடானது என்பதை அதற்கு எடுத்துரைப்பது, பட்டாணி அளவே உள்ள வெப்ப உணரி. பெரும்பாலான இயந்திரங்களில் இது தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது; சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். வெள்ளி சல்ஃபைடில் இப்பண்பை மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே கண்டறிந்தார். 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் உணரி பரவலாகப் பயன்படுகிறது. அத்தகைய உணரி 30 டிகிரியில் சுமார் 8, 50 டிகிரியில் சுமார் 3.6, 60 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம் காட்டும். வேறு அளவு கொண்டவையும் உண்டு. ஆகவே அந்தந்த மாடலுக்குரிய அட்டவணையையே நம்ப வேண்டும்.

இந்தச் சாட்சி பிறழ்ந்தால் இயந்திரம் தவறான தீர்ப்பு வழங்கும். மின்தடை உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தால், காற்று போதிய அளவு சூடாகிவிட்டது எனக் கருதி வெப்பத்தை முன்னதாகவே நிறுத்திவிடும்; துணி ஈரமாகவே இருக்கும். மிகுதியாகத் தெரிந்தால் இன்னும் சூடாகவில்லை எனக் கருதித் தொடர்ந்து சூடேற்றும். துணி கருகும் அளவுக்கும் போகலாம்.

குற்றம் உணரியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்து இணைப்பு ஊசிகள் களிம்பேறுவது கடலோர ஊர்களில் இயல்பு. அக்களிம்பு 1 கிலோ ஓம் தடையைக் கூட்டினால், 60 டிகிரி சூட்டில் 2.5 காட்ட வேண்டிய இடத்தில் 3.5 தெரியும். உண்மையில் 60 டிகிரி இருக்க, இயந்திரமோ 50 டிகிரி என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

எனவே பழுது தோன்றியதும் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் எளியவற்றைப் பாருங்கள். பஞ்சு வடிகட்டியும் காற்றுக் குழாயும் அடைபட்டிருந்தாலே சூடு மிகும். டிரம்மின் உட்புறத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் இருந்தால், அவை ஈரத்தை அறிபவை. துணி மென்மையாக்கும் திரவத்தின் படிவு அவற்றை மூடினால், ஈரத் துணியையும் காய்ந்ததாகக் கொண்டு இயந்திரம் நின்றுவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அதன்பின் உணரி. இச்சோதனையைப் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநர் செய்வதே முறை. ஆனால் என்ன செய்யப்படுகிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நன்று. மின்இணைப்பைத் துண்டித்து, இயந்திரம் ஆறியபின், உணரியைக் கழற்றி மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளக்க வேண்டும். அறை வெப்பநிலைக்குரிய மதிப்பு வருகிறதா? உணரியை நீர் புகாத உறையிலிட்டு வெந்நீரில் வைக்கும்போது எண் சீராக இறங்குகிறதா? முடிவிலியோ பூஜ்யமோ காட்டினாலும், எண் துள்ளித் துள்ளி மாறினாலும் உணரி பழுது. உணரி சரியாக இருந்தால், அதை மீண்டும் பொருத்திப் பலகையிலிருந்து கழற்றிய கம்பி முனையில் அளக்க வேண்டும். இரு அளவுகளும் வேறுபட்டால் குற்றம் கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. எல்லாம் சரியாக இருந்தால்தான் பலகையின்மீது ஐயம் கொள்ள இடமுண்டு.

ஓர் எச்சரிக்கை. மிகைச்சூட்டில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்பு ஃபியூஸ் இயந்திரத்தில் தனியே இருக்கும். அது அறுந்துபோனால், கம்பியால் குறுக்கே இணைத்து ஓட்ட எவரையும் அனுமதிக்காதீர்கள். பஞ்சுத் தூசி எளிதில் தீப்பற்றுவது. வீட்டுக்கும் தீக்கும் இடையே நிற்கும் கடைசிக் காவல் அந்த ஃபியூஸே.

பணம் செலுத்துமுன் மூன்றைக் கேளுங்கள்: அளந்த எண்கள் எவை, மதிப்பீடு எழுத்தில் கிடைக்குமா, மாற்றிய பழைய பாகம் திரும்பத் தரப்படுமா? உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் ரசீதைக் கொண்டு சரிபாருங்கள். சேவையில் குறைபாடு இருப்பின், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

தோபிகானாவில் துணியைத் தொட்டுப் பார்க்காமல் மடிப்பதில்லை. நாமும் அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்ற வேண்டாம்.