ஸ்டிக்கரை உரிக்கும் முன் ஒருமுறை வாசியுங்கள்

வாகனத்தை விற்க நினைப்பவர் முதலில் கைவைப்பது கண்ணாடியில்தான். முன்பக்கத்தில் காலாவதியான காப்புறுதி ஸ்டிக்கர், பின்பக்கத்தில் பிள்ளையின் பாடசாலைப் பெயர், மூலையில் ஒயில் மாற்றிய இடத்தின் ஸ்டிக்கர், ஜப்பானிலிருந்து வந்த வாகனமாயின் நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இன்னும் இரண்டு மூன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் இன்று எங்கள் கடைக்கு வரும் பல வாகனங்களில் மூன்று உரிமையாளர்களின் ஸ்டிக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

இவற்றை உரிப்பது சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தச் சின்ன வேலையில் இரண்டு தடவை பெரிதாகச் சறுக்கியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பசையைப் பற்றித் தெரிந்துகொள்வோம். ஸ்டிக்கரின் பசை காய்ந்து இறுகும் வகையல்ல. அழுத்தினால் ஒட்டி, எப்போதும் ஓரளவு மென்மையாகவே இருக்கும் வகை. சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். வெயிலில் பல வருடம் கிடந்தால் மேலுள்ள தாள் உக்கி, இழுத்த இடத்தில் கிழிந்துவிடும். பசை மட்டும் கண்ணாடியில் தங்கிவிடும். ஏ.சி. போட்டுக் குளிர்ந்த வாகனத்தில் நகத்தால் சுரண்டுபவருக்குத் துண்டு துண்டாக வருவதன் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலை சூடு காட்டுவது. ஸ்டிக்கர் உள்ள பக்கம் வெயில் படும்படி வாகனத்தை அரை மணித்தியாலம் நிறுத்துங்கள். அல்லது வீட்டிலுள்ள ஹெயார் ட்ரையரைச் சற்று எட்டப் பிடித்து ஓரிரு நிமிடம் காட்டுங்கள். கொதிநீரை ஊற்ற வேண்டாம். முன்கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்பு இருந்தாலும் அது திடீர்ச் சூட்டில் நீளமாக ஓடிவிடும். சூடானதும் ஒரு மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், கண்ணாடியோடு படிந்தாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும். மூலை கிளப்பப் பழைய வங்கி அட்டை போதும்.

மிஞ்சும் பசைக்கு நமது குசினியிலேயே மருந்து இருக்கிறது. தேங்காய் எண்ணெயைத் துணியில் தோய்த்து அதன்மேல் தடவி இருபது நிமிடம் விடுங்கள். எண்ணெய் ஊறிய பசை விரலால் உருட்டினாலே திரண்டு வரும். பிடிவாதமான பசைக்குச் சிறிது மண்ணெண்ணெய் அல்லது பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட். பெற்றோல் வேண்டவே வேண்டாம். கதவு மூடிய வாகனத்துக்குள் அதன் ஆவி நிறைந்திருக்கும்போது ஒரு சிறு பொறியே போதும். தின்னர் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் வழிந்து பெயின்டிலோ ரப்பரிலோ டேஷ்போர்டிலோ பட்டால் அந்த இடம் கெட்டது கெட்டதுதான்.

பசை போனதும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் தடவிய முன்கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பின்னர் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிதறும். மழையில் வைப்பர் போட்டால் இன்னும் மோசம்.

பிளேட் போடலாமா என்று கேட்பார்கள். வெறும் கண்ணாடியில் போடலாம். புதிய பிளேட்டாக இருக்க வேண்டும், கண்ணாடியில் சவர்க்காரத் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும், பிளேட் சாய்ந்து படுத்தாற்போல் ஒரே திசையில் போக வேண்டும். காய்ந்த கண்ணாடியிலும் துருப்பிடித்த பிளேட்டாலும் சுரண்டினால் கீறல் நிரந்தரம். டின்ட் பிலிம் ஒட்டிய கண்ணாடியின் உட்பக்கத்தில் பிளேட்டை நினைத்தும் பார்க்க வேண்டாம். பாத்திரம் கழுவும் பச்சைத் துண்டும் அப்படியே. அங்கே சூடும் எண்ணெயும் பொறுமையும் மட்டும்தான்.

பின்கண்ணாடி வேறு கதை. அங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். 2006ஆம் ஆண்டு என்று ஞாபகம். வெலிமடையிலிருந்து மரக்கறி வியாபாரி ஒருவர் தனது வானைக் கொண்டுவந்தார். பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் பெரிய ஸ்டிக்கர். கடைப் பொடியன் பிளேட்டை எடுத்துப் பத்து நிமிடத்தில் சுத்தமாக்கிவிட்டான். ஒரு கிழமை கழித்து அவர் திரும்பி வந்தார். "நானா, விடியக்காலம் பனியில பின்னுக்கு ஒண்டுமே தெரியுதில்ல" என்றார். கண்ணாடியில் கிடையாக ஓடும் அந்த மெல்லிய கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. வெள்ளி கலந்த கலவையைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சிட்டுச் சுட்டெடுத்தவை. மின்சாரம் பாய்ந்து சூடாகிப் பனியை நீக்குபவை. சில வாகனங்களில் ரேடியோ அன்டெனாவும் அதே கண்ணாடியில்தான். பொடியனின் பிளேட் நான்கு கோடுகளை அறுத்திருந்தது. கொழும்பில் இருப்பவருக்கு அந்த சுவிட்ச் இருப்பதே தெரியாது. வெலிமடைக்காரருக்கு அது இல்லாவிட்டால் வான் றிவர்ஸ் போகாது. வேறு கண்ணாடி தேடிப் போட்டுக்கொடுத்தேன், என் செலவில்.

மெல்லிய அறுப்பாயின் மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்டைத் தொட்டு இணைக்கலாம். எந்தக் கோடு அறுந்தது என்று பார்க்க, கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது சுவிட்சைப் போடுங்கள். அறுந்த கோட்டைச் சுற்றி மட்டும் ஆவி போகாமல் நிற்கும்.

இனி இரண்டாவது சறுக்கல். அது கண்ணாடிக்கு நேர்ந்ததல்ல.

2021இல், இறக்குமதி நின்று பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், தெரிந்த ஒருவர் காரொன்றைக் கொண்டுவந்து விற்பனைக்குத் துப்புரவாக்கச் சொன்னார். முன்கண்ணாடியின் மேல் மூலையில் பாதி கிழிந்த ஒயில் ஸ்டிக்கர். கையால் எழுதிய இலக்கம் தெளிவாகத் தெரிந்தது: 148,000. மீற்றரைப் பார்த்தேன், 91,000. நான் அவரைப் பார்த்தேன். "நானா, அதெல்லாம் பார்க்க வேணாம், சும்மா உரிச்சி விடுங்க" என்றார். உரித்தேன். எண்ணெய் போட்டு, ஸ்பிரிட் போட்டு, அடையாளமே தெரியாமல் துடைத்துக் கொடுத்தேன். கூலி 1,500 ரூபா.

அந்தக் காரை வாங்கியவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ரைமிங் பெல்ட் உள்ள பல ஜப்பானிய என்ஜின்களில் அதை 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். மீற்றரை நம்பி, இன்னும் காலம் இருக்கிறது என்று மாஸ்டர் ஓடியிருக்கிறார். பெல்ட் வீதியில் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. அது ஜப்பானிலிருந்து வந்தபடியே இருந்த பெல்ட் என்று பாஸ் கழற்றிக் காட்டினாராம்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்த ஸ்டிக்கரையும் வாசித்துப் போனில் படம் எடுத்த பின்னரே உரிக்கிறோம். வாங்குபவர்களும் கண்ணாடி சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் கதவு விளிம்பையும், என்ஜின் பகுதியையும், முன்கண்ணாடி மூலைகளையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஒயில் ஸ்டிக்கர் கிடைத்தால் கிலோமீற்றர் நம் இலக்கத்திலேயே இருக்கும். வருடம் மட்டும் அவர்களது முறையில் இருக்கலாம். ரெய்வா ஆண்டாயின் 2018ஐக் கூட்டுங்கள்; ரெய்வா 5 என்றால் 2023. அதற்கு முந்திய ஹெய்செய் ஆண்டாயின் 1988ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 28 என்றால் 2016. பின்கண்ணாடியில் காணும் வட்டமான ஸ்டிக்கர் அங்கே வாகனம் நிறுத்த இடமிருப்பதைக் காட்டுவது. 2025 ஏப்ரலில் ஜப்பான் அதைக் கைவிட்டுவிட்டது. அதை உரிப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

மாஸ்டரிடம் நான் போய்ச் சொன்னேன். பெல்ட்டுக்கும் வால்வுகளுக்கும் ஆன செலவில் என் பங்கென்று ஒரு தொகையும் கொண்டுபோனேன். அதை அவர் வாங்கவில்லை. "ஹாஜியார், மெய்யான இலக்கம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் படம் இருக்கவில்லை. ஞாபகத்திலிருந்து 148,000 என்றேன். காருக்குள்ளிருந்து சேர்விஸ் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் அதைப் பேனையால் எழுதிக்கொண்டார்.