எஞ்சின் ஓடுவதற்கு முந்தைய அரை மணி நேரம்

விமானத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் திறந்திருக்கும் சின்னக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால், ஒருவர் ஏதோ வாசிப்பதும் மற்றவர் பதில் சொல்வதும் தெரியும். பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு ஸ்விட்சாகப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நம் இருக்கையைத் தேடிப் போய்விடுவோம். உண்மையில் ஸ்விட்சுகளை எல்லாம் அவர்கள் நினைவிலிருந்து, பழகிய வரிசையில், அதற்கு முன்பே போட்டு முடித்திருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, “கேஸை மூடியாச்சா? மோட்டாரை அணைச்சாச்சா?” என்று ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வாரே, செக்லிஸ்ட்டின் வேலை அவ்வளவுதான். மூடுவதும் அணைப்பதும் அதற்குள் நடந்திருக்க வேண்டும்.

இந்திய வானில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகையையே எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க நிறுத்திவைத்த விமானம். விளக்கு இல்லை, திரைகள் கறுப்பாக இருக்கின்றன. உள்ளே வரும் விமானி உடனே மின்சாரத்தைக் கொடுத்துவிட மாட்டார். இரண்டு எஞ்சின்களின் மாஸ்டர் ஸ்விட்சும் அணைந்திருக்கிறதா, சக்கரத்தை இயக்கும் பிடி கீழ்நிலையில் இருக்கிறதா, வானிலை ரேடாரும் கண்ணாடி வைப்பரும் அணைந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறார். முந்தைய விமானியோ இரவில் பழுது பார்த்தவரோ எதையாவது பாதியில் விட்டுப் போயிருந்தால், மின்சாரம் பாய்ந்த கணத்தில் அது தானாக இயங்கத் தொடங்கிவிடும். ரேடார் ஓடினால் மூக்குக்கு நேரே தரையில் நிற்கும் ஆள்மீது அலை பாயும். இறக்கையின் ஃபிளாப் இருக்கும் நிலையும் அதன் பிடி காட்டும் நிலையும் பொருந்தாமல் இருந்தால், ஹைட்ராலிக் அழுத்தம் வந்ததும் ஃபிளாப் நகர்ந்து பக்கத்தில் நிற்பவரை அடிக்கலாம்.

பிறகு பேட்டரி. இரண்டிலும் 25.5 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளி மின்சாரத்தில் இணைத்து சுமார் 20 நிமிடம் ஏற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வால் பகுதியில் இருக்கும் ஏபியு என்ற சிறு எஞ்சினை ஓட்டுவதற்கு முன் அதன் தீ எச்சரிக்கையைச் சோதிப்பார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரிந்து விடாமல் மணி ஒலிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் அது விழுந்தால் பதற வேண்டியதில்லை. எச்சரிக்கை வேலை செய்கிறது என்று பொருள். ஆக்சிஜன் இருப்பு, எஞ்சின் எண்ணெய், ஹைட்ராலிக் திரவம் மூன்றும் திரையில் பார்க்கப்படும். விமானிகளின் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு முறை அழுத்தி, ‘உஸ்’ என்று காற்று வரும் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்வார்கள்.

தலைக்கு மேலே இருக்கும் பலகைதான் பார்ப்பவரை மிரட்டும். எத்தனை பொத்தான்! ஏர்பஸ் அதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறது: எல்லாம் சரியாக இருந்தால் பலகை இருட்டாக இருக்கும். வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தப் பொத்தான் வழக்கமான நிலையில் இல்லை, ஆம்பர் என்றால் கோளாறு, சிவப்பு என்றால் உடனே கவனி. விமானி ஓர் ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டுவார். வெள்ளையாக எரிபவற்றை அணைத்துக்கொண்டே போவார். ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் வாசிக்க வேண்டிய அவசியமே வராது. இதைவிட நல்ல வடிவமைப்பை நான் வேறு எந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை.

இந்த விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான கதை இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737. கதவில் காற்று கசிகிறதா என்று அதற்கு முன் தரையில் சோதித்தபோது, உள்காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். அது அப்படியே இருந்துவிட்டது. காக்பிட் ஆயத்தத்தின்போது ஒரு முறை, எஞ்சின் ஓட்டுவதற்கு முந்தைய செக்லிஸ்ட்டில் ஒரு முறை, மேலேறிய பிறகு ஒரு முறை என மூன்று தடவை அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. கைமுறை நிலையைக் காட்டும் விளக்கின் நிறம் பச்சை. பச்சையைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? விமானம் ஏற ஏற உள்ளே காற்று மெலிந்தது. எச்சரிக்கை ஒலித்தபோது, தரையில் வேறொரு காரணத்துக்காக ஒலிக்கும் அதே ஹாரன்தான் ஒலித்தது. விமானிகள் குழம்பினார்கள், பிறகு மயங்கினார்கள். எரிபொருள் தீர்ந்து கிரீஸின் மலைப்பகுதியில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள்.

ஏ320-க்கே திரும்புவோம். வேலையின் நடுப்பகுதி மூன்று இனர்ஷியல் கருவிகளைத் தயார் செய்வது. விமானம் எங்கே இருக்கிறது, மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல் கணக்கிட்டுக்கொண்டே இருப்பவை இவை. ஸ்விட்சை இயக்க நிலைக்குத் திருப்பியதும் சுமார் 10 நிமிடம் விமானம் அசையக் கூடாது. அந்த நேரத்தில் இவை பூமியின் சுழற்சியையே அளக்கின்றன! சுழற்சியின் திசையிலிருந்து வடக்கு எது என்று தெரிந்துகொள்கின்றன. அந்தச் சுழல் அச்சு எவ்வளவு சாய்ந்து தெரிகிறது என்பதிலிருந்து அட்சரேகையும் ஓரளவு பிடிபட்டுவிடும். தீர்க்கரேகை மட்டும் பிடிபடாது. ஒரே அட்சரேகையில் எங்கே நின்றாலும் பூமி ஒரே மாதிரிதான் சுழலும். ஆகவே இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸோ விமானியோ சொல்லித்தான் ஆக வேண்டும்.

2015 மார்ச் 10 அன்று சிட்னியில் கோலாலம்பூர் செல்லவிருந்த ஏர்ஏசியா எக்ஸ் ஏ330 விமானத்தில் அதைக் கையால் தட்டினார்கள். 15109.8 கிழக்கு என்று பதிவாக வேண்டியது 01519.8 கிழக்கு என்று பதிவானது. அதாவது 151 டிகிரி 15 டிகிரி ஆகிவிட்டது. சிட்னியில் நின்ற விமானம், தான் கேப் டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருப்பதாக நம்பியது. 11,000 கிலோமீட்டருக்கு மேல் பிழை. அட்சரேகை சரியாக இருந்ததால் கருவிக்கு முரண் தெரியவில்லை. அன்று வழக்கத்துக்கு மாறாக விமானிகள் இருவரும் வேலையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்: கேப்டன் உள்ளே இருக்க, துணை விமானி வெளியே சுற்றிப் பார்க்கப் போனார். தவற்றைப் பிடிக்கப் பிறகும் பல வாய்ப்புகள் வந்தன. மேலேறியதும் தானியங்கி விமானி தவறான பக்கம் திரும்பி, பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பும் விமானங்களின் பாதைக்குக் குறுக்கே போயிற்று. சிட்னியில் மேகமூட்டம். வானம் தெளிந்திருந்த மெல்போர்னுக்குப் போய், கண்ணால் பார்த்துத் தரையிறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

ஒருவர் உள்ளே இதையெல்லாம் செய்ய, மற்றவர் டார்ச்சோடு வெளியே விமானத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். டயர், எண்ணெய்க் கசிவு, எஞ்சின் விசிறியின் இதழ்கள். முக்கியமாக, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களின் உறை கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குளவிகள் அந்தக் குழாய்களுக்குள் மண்கூடு கட்டுவதால், விமானம் நின்ற உடனேயே உறை போட்டுவிடுவார்கள். 2018 ஜூலை 18 அன்று மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று அந்த உறைகளோடே மேலெழும்பியது. வேகம் காட்டும் கருவி எதுவும் சரியாகக் காட்டாத நிலையில் திரும்பிவந்து பத்திரமாக இறங்கியது.

அடுத்தது கணினியில் தகவல் ஏற்றுவது. பாதை, எரிபொருள், எடை. எடையிலிருந்துதான் புறப்படும் வேகங்களும் எஞ்சின் எவ்வளவு உந்த வேண்டும் என்பதும் கணக்காகும்; பாரம் குறைவென்றால் எஞ்சினை முழு விசையில் ஓட்டத் தேவையில்லை. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏ340 விமானத்துக்கு 362.9 டன் என்பதற்குப் பதில் 262.9 டன் என்று கணக்குப் போடப்பட்டது. ஒரே ஓர் இலக்கம், நூறு டன். குறைந்த விசையில் ஓடிய விமானம் மேலே எழும்பாமல் வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடுபாதையின் முனையைத் தாண்டியது. கேப்டன் முழு விசையையும் கொடுத்ததால் 275 பேரும் பிழைத்தார்கள். இன்று பல நிறுவனங்களில் விமானிகள் இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டுவிட்டுத்தான் விடையை ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் எட்டிப் பார்த்து தலையாட்டுவது கணக்கில் சேராது.

இதெல்லாம் முடிந்த பிறகு செக்லிஸ்ட். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு மாற்றம் உண்டு. ஆனாலும் வியக்கத்தக்க அளவு சின்னது. சக்கரத்தின் பூட்டு ஊசிகளும் உறைகளும் கழற்றியாயிற்றா? சீட் பெல்ட் விளக்கு? இனர்ஷியல் கருவிகள்? எரிபொருள் எவ்வளவு? புறப்பாட்டு வேகங்கள்? உயரமானியின் காற்றழுத்த அளவு? சிவப்புத் துணிப்பட்டை தொங்கும் அந்த மூன்று ஊசிகளும் காக்பிட்டிலேயே ஒரு பெட்டியில் இருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் பதில். எரிபொருளுக்கு “சரி” என்று சொன்னால் போதாது, எத்தனை கிலோ என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றழுத்த அளவுக்கு இருவருமே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளுக்கொரு உயரமானி.

சொல்லும் முறையில் இவ்வளவு கறார் ஏன்? 1987-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஃபிளாப்பை இறக்காமலே கிளம்பிய நார்த்வெஸ்ட் விமானம் விழுந்து 156 பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்குப் போகும் வழியில் செய்ய வேண்டிய செக்லிஸ்ட் செய்யப்படவே இல்லை. அதன் பிறகு அசாஃப் டெகானி, ஏர்ல் வீனர் இருவரும் நாசாவுக்காக விமானங்களில் செக்லிஸ்ட் எப்படிப் பயன்படுகிறது என்று ஆராய்ந்து 1990-ல் எழுதிய அறிக்கை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. நூறு முறை சரியாக இருந்த ஸ்விட்சை நூற்றோராவது முறை பார்க்கும்போது, கண் எதிர்பார்ப்பதையே காண்கிறது. பதில் வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது. எண்ணை வாசிக்கச் சொல்வதும், ஸ்விட்சை விரலால் தொட்டுச் சொல்லப் பழக்குவதும் அந்தத் தானியங்கிப் பதிலுக்குத் தடை போடத்தான்.

இன்னொரு தொந்தரவு குறுக்கீடு. குறைந்த கட்டண விமானங்கள் தரையில் நிற்பதே அரை மணி நேரந்தான். அதற்குள் எரிபொருள் சீட்டு நீட்டுகிறவர் வருவார், லோட் ஷீட் வரும், சக்கர நாற்காலிப் பயணி ஒருவர் இன்னும் வரவில்லை என்று பணிப்பெண் சொல்வார். பட்டியல் பாதியில் நின்றுவிட்டால், எங்கே விட்டோம் என்று யோசிக்காமல் முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்ல பழக்கம். அதிகம் போனால் அரை நிமிடம் செலவாகும்.

செக்லிஸ்ட்டின் நடுவே ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருப்பதைக் கதவு மூடும் முன்பே முடித்துவிடலாம். கீழே இருப்பது கதவுகள் மூடி, நகர அனுமதி கிடைத்த பிறகு: கதவுகளும் ஜன்னல்களும் மூடியிருக்கின்றனவா, விசைப்பிடிகள் ஐடில் நிலையில் இருக்கின்றனவா, பார்க்கிங் பிரேக் எந்த நிலையில், பீக்கன் எரிகிறதா. பீக்கன் என்பது விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு; அது எரிந்தால் தரையில் இருப்பவர்கள் எஞ்சின் பக்கம் போகக் கூடாது. ஏ320-ல் வழக்கமாக முதலில் ஓட்டுவது வலப்பக்கத்து இரண்டாம் எஞ்சின். பார்க்கிங் பிரேக்குக்கு அழுத்தம் தரும் மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்பின் பம்ப் அதோடுதான் இணைந்திருக்கிறது.