தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் முன் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தோட்டத்தில் பணி ஓய்வு பெறுகிறவர் வேலையோடு வீட்டையும் விட வேண்டியிருக்கிறது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால் சாவியை ஒப்படைத்துவிட்டு, பலர் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறார்கள். கெடாவில் தோட்டம், ஜொகூர் பாருவில் மகன் வீடு என்றால், 772 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும்.

முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சாமான்கள் வீட்டிலும் கொட்டகையிலும் கிடக்கும். போகுமிடமோ சுமார் 700 சதுர அடி அடுக்குமாடி வீடு. அதிலும் பெரியவர்களுக்கு ஓர் அறைதான். இவ்வளவு தூரத்துக்கு லோரி இரண்டு நடை அடித்தால் செலவும் இரட்டிப்பாகும். ஆகவே, ஒரே நடையில் ஏறுவதை மட்டும் கொண்டுபோவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் பத்திரங்கள்

பெரும்பாலும் கடைசி வார இறுதியில்தான் பிள்ளைகள் வந்து சாமான்களை ஒதுக்குகிறார்கள். பழைய காகிதங்கள் எல்லாம் வீட்டின் பின்னால் தீக்குப் போகின்றன. நாற்காலியை மீண்டும் வாங்கலாம். எரிந்த பத்திரத்தை வாங்க முடியாது.

அடையாள அட்டை இல்லாத பேரப்பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும்போதும், பிறப்பைத் தாமதமாகப் பதியும்போதும் பெற்றோர் எங்கே பிறந்தார்கள், அவர்களின் திருமணம் பதிவானதா என்ற கேள்விகள் எழும். அதற்குள் தோட்டமே மூடப்பட்டு, பழைய பதிவேடுகள் காணாமற்போயிருக்கலாம். அப்போது கைகொடுப்பவை பிறப்புப் பத்திரம், பழைய நீல அல்லது சிவப்பு அடையாள அட்டை, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், தோட்டத்து மருந்தகச் சீட்டு போன்றவைதாம். இறந்துபோன தாத்தா பாட்டியின் காகிதங்களையும் வைத்திருக்க வேண்டும்.

கல்யாணப் படத்தையும் அழைப்பிதழையும் குப்பையில் போடக் கூடாது. 1982 மார்ச் 1இல் திருமணச் சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன், வழக்கப்படி கோயிலில் நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. ஆனால், திருமணம் நடந்ததைக் காட்ட ஏதாவது வேண்டும்.

எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒரு நகலை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்து வைக்கலாம். அசல்கள் லோரியில் ஏறக் கூடாது, கையோடு வர வேண்டும். எத்தனை ஆண்டு வேலை செய்தார், எந்த வீட்டில் குடியிருந்தார் என்று தோட்ட அலுவலகத்திடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. புறப்பட்ட பிறகு அதை வாங்குவது சிரமம்.

அடுத்து சாமான்கள்

புது வீட்டின் கதவு, மின்தூக்கி, அறைச் சுவர் ஆகியவற்றின் அளவை முதலில் எடுக்க வேண்டும். இரும்பு அலமாரி மின்தூக்கியில் நுழையாவிட்டால் மாடிப்படியில் தூக்க வேண்டிவரும். ஆட்டுக்கல் கனமானது; அடுக்குமாடியில் அதன் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். சிறிய அம்மி போதும். பந்திக்குச் சமைக்கும் பெரிய அண்டாக்களைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கொடுத்தால், அடுத்த திருவிழாவுக்கு உதவும். கறிவேப்பிலை மரத்தை எடுத்துப்போக முடியாது. ஒரு கன்றைத் தொட்டியில் வைத்து எடுத்துப்போகலாம். சாமி படங்களில் மேடைக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை என்ன செய்வதென்று பூசாரியிடம் கேட்கலாம்.

எரிவாயுத் தோம்பைப் பழைய ஊர்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளை அண்டை வீட்டுக்காரருக்கு விற்றால், சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயர் மாற்ற மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் அவர் வாங்கும் சம்மன் பழைய உரிமையாளர் பெயரில்தான் வரும்.

எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். “இந்தக் குப்பை எதற்கம்மா?” என்ற ஒரு சொல் மனத்தை நோகடித்துவிடும். மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரத்துக்கு ஒரு மூலையாக ஒதுக்கினால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு

வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும். வாக்களிக்கும் இடம் தானாக மாறாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் பழைய கிளினிக்கில் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊரில் முதல் மருந்து கிடைக்கும்வரை தேவையான மாத்திரைகளைப் பத்திரப் பையிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.