கேட்காமலே வந்து சேரும் லைப்ரரிகள்

தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதை ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கவனித்தார். அற்ப விஷயம் என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிப் போனவர், கண்டுபிடித்ததை 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது. அதற்கான ரகசியச் சாவி உள்ளவர் எங்கோ உட்கார்ந்தபடி சர்வருக்குள் நுழைந்து, நினைத்த கட்டளையை இயக்கலாம். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனை வெளியீடுகளுக்குள் அது போயிருந்த நிலையிலேயே பிடிபட்டது பெரும் பாக்கியம்.

கோப்பைச் சுருக்கும் லைப்ரரிக்கும் உள்நுழைவுக்கும் என்ன சம்பந்தம்? எஸ்எஸ்ஹெச் சர்வராகப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளை எழுதியவர்கள் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்தவே இல்லை. ஆனால் சில லினக்ஸ் வெளியீடுகள், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-க்கு 'நான் தயார்' என்று தகவல் சொல்வதற்காக, எஸ்எஸ்ஹெச் சர்வரோடு லிப்சிஸ்டம்டி என்ற லைப்ரரியை இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டி தன் வேலைக்காக எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு வரித் தகவல் சொல்லச் சேர்த்த ஒன்றின் பின்னால், யாரும் அழைக்காத இன்னொன்று சர்வரின் நினைவகத்தில் ஏறி அமர்ந்தது. நாம் கேட்காமல், நாம் கேட்டது கேட்டதால் வந்து சேரும் இதற்கு மறைமுகச் சார்பு என்று பெயர்.

பெருங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டுச் சாம்பாரில் அது எப்படி வந்தது என்று சமைத்தவருக்கே தெரியாது. ஆனால் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானம் அச்சிட்டிருக்கும். மென்பொருள் பேக்கேஜில் அந்த அச்சு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எழுதித் தருகிறவருக்கு அதை அச்சிடும் கடமை உண்டு. வாங்குகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. இரண்டு தரப்பிலும் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எக்ஸ்போர்ட்டில் எங்கே பிசகுகிறது

சி, சி++ உலகில் பரவலாகப் புழங்கும் பில்ட் கருவி சிமேக். படங்களைச் சிறிதாக்கும் ஒரு லைப்ரரியை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு லிப்பிஎன்ஜி வேண்டும். லிப்பிஎன்ஜி-க்கு ஸெட்லிப் வேண்டும். உங்கள் கணினியில் இரண்டும் எப்போதோ நிறுவப்பட்டிருப்பதால் பில்ட் தடங்கலின்றி முடிகிறது. எக்ஸ்போர்ட் செய்து அனுப்புகிறீர்கள். பெற்றவர் தன் கணினியில் திறந்தால், உங்கள் லைப்ரரியின் இணைப்புப் பட்டியலில் உள்ள பிஎன்ஜி என்ற டார்கெட்டைக் காணோம் என்று சிமேக் நின்றுவிடுகிறது. அவர் அந்தப் பெயரைத் தன் நிரலில் எங்குமே எழுதியிருக்க மாட்டார்.

ஒரு லைப்ரரியை இணைக்கும்போது சிமேக் மூன்று சொற்களைத் தருகிறது: பப்ளிக், பிரைவேட், இன்டர்ஃபேஸ். உங்கள் ஹெடர் கோப்பிலேயே லிப்பிஎன்ஜி-யின் பெயர் வந்தால் அது பப்ளிக். உங்களைப் பயன்படுத்துகிறவருக்கும் அது வேண்டும். உள்ளே மட்டும் பயன்பட்டால் பிரைவேட். உங்களுக்குத் தேவையில்லாமல் பயன்படுத்துகிறவருக்கு மட்டும் தேவை என்றால் இன்டர்ஃபேஸ். இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். தடுக்கி விழுவது அடுத்த படியில். பிரைவேட் என்று போட்டுவிட்டால் வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். லைப்ரரி ஸ்டாட்டிக் வகையாக இருந்தால் அந்த நினைப்பு தவறு. ஸ்டாட்டிக் லைப்ரரி தன் சார்புகளை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் நிரலைக் கட்டுகிறவர்தான் எல்லாவற்றையும் சேர்த்து இணைக்க வேண்டும். அதனால் பிரைவேட் சார்பையும் சிமேக் 'இணைக்க மட்டும்' என்ற குறிப்போடு எக்ஸ்போர்ட் கோப்பில் எழுதிவிடுகிறது. பெயரை எழுதுமே தவிர, அந்தச் சார்பைத் தேடிப் பிடிக்கும் வேலையைத் தானாகச் செய்வது வழக்கமில்லை. அதற்கு பேக்கேஜோடு போகும் கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு சார்புக்கும் 'ஃபைண்ட்_டிபென்டென்சி' என்ற வரியை நீங்கள் சேர்க்க வேண்டும். அந்த வரி இருந்தால், இல்லாத பொருள் எது என்று பெற்றவருக்குத் தொடக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிடும்.

பழைய பாணியில் டார்கெட் பெயருக்குப் பதிலாக லைப்ரரி இருக்கும் பாதையை மாறியில் வைத்து இணைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது உங்கள் கணினியின் முழுப் பாதையே எக்ஸ்போர்ட் கோப்பில் பதிந்துபோகிறது. அதே இடத்தில் அதே கோப்பு இல்லாத கணினியில் பேக்கேஜ் செத்துவிடும். இருந்துவிட்டால் இன்னும் மோசம், வேறொரு பதிப்போடு சத்தமில்லாமல் இணைந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. எதுவும் நிறுவப்படாத ஒரு வெற்று கன்டெய்னரில் உங்கள் பேக்கேஜை மட்டும் வைத்து, அதைப் பயன்படுத்தும் பத்து வரி நிரல் ஒன்றை பில்ட் செய்து பாருங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு வெளியீட்டின் முன்பும் தானாக ஓடும்படி வைத்துவிட்டால் மேலே சொன்ன பிசகுகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

வேறொரு குறுக்குவழி பலரையும் இழுக்கிறது: சார்புகள் எல்லாவற்றின் மூலநிரலையும் நகலெடுத்து உள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது. பெறுகிறவருக்கு எந்தப் பிழையும் வராது. ஆபத்து அங்கேதான் தங்குகிறது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளியானது. முதலில் அது குரோம் உலாவியின் கோளாறாகத்தான் அறிவிக்கப்பட்டது. பிறகுதான் அந்த லைப்ரரி ஃபயர்ஃபாக்ஸிலும், எலக்ட்ரான் என்ற கட்டமைப்பைக் கொண்டு கட்டப்பட்ட எண்ணற்ற மேசைக்கணினிச் செயலிகளிலும் நகலாகப் புதைந்திருப்பது பேச்சானது. லிப்வெப்பி-யின் 1.3.2 பதிப்பு ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு செயலிக்குள்ளும் புதைந்த பழைய நகலை அந்தந்தச் செயலிக்காரர்தான் மாற்ற வேண்டும். நகல் இருப்பதையே மறந்துவிட்டவர் எதை மாற்றுவார்?

எவ்வளவு ஆழம்

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவுக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது, அபாய அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் தரப்பட்டது. கூகுளின் ஆய்வுக் குழு, ஜாவா பேக்கேஜுகள் சேரும் மேவன் களஞ்சியத்தைச் சலித்துப் பார்த்தது. 35,000-க்கும் மேற்பட்ட ஜாவா பேக்கேஜுகள், அதாவது மொத்தத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல், பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானவற்றில் ஓட்டை ஒரு படிக்கும் கீழே இருந்தது. சிலவற்றில் ஒன்பது படி ஆழத்தில். லாக்4ஜே-யை நாங்கள் பயன்படுத்தவில்லை என்று சொன்ன நிறுவனங்களில் பல பொய் சொல்லவில்லை. அவை தங்கள் முதல் படியை மட்டும் பார்த்துச் சொன்னன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். அங்கே விற்கப்படும் மென்பொருளைக் கோவையில் எழுதினாலும் கொழும்பில் எழுதினாலும் அந்தக் கடமைகளிலிருந்து விலக்கில்லை. உள்ளிருக்கும் லைப்ரரிகளின் பட்டியலை, எஸ்பிஓஎம் என்று இப்போது எல்லோரும் சொல்வதை, தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் குறைந்தபட்சம் முதல் படிச் சார்புகள் இருந்தால் போதும் என்றும் சொல்கிறது. லாக்4ஜே கணக்கைப் பார்த்த பிறகு அந்தக் குறைந்தபட்சத்தோடு திருப்தி அடைவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் இந்தப் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அரசுத் துறைகள், அத்தியாவசியச் சேவைகளோடு மென்பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களையும் அது தன் வாசகர்களாகக் குறிப்பிடுகிறது.

வாங்கியவருக்கு உள்ள உரிமை

உங்களுக்குக் கிடைத்த மென்பொருளுக்குள் எங்கோ ஆழத்தில் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள லைப்ரரி இருந்தால், அதன் மூலநிரலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, முழு மூலநிரல் என்பதற்குள் அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் பில்ட் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே சொல்கிறது. மூலநிரலைக் கையோடு தராதவர், கேட்டால் தருவதாக எழுத்து வடிவில் வாக்குறுதி தர வேண்டும். அது குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்லும். எக்ஸ்இசட் கள்ளக் கதவை நினைத்தால் அந்த ஸ்கிரிப்டுகளின் அருமை புரியும். அந்தக் கதவை உசுப்பிவிட்ட வரிகள் பொதுவில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் இருந்த ஒரு பில்ட் கோப்பில்தான் ஒளிந்திருந்தன. அதே எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில் தேவையற்ற ஒற்றை முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் ஒரு சிறு சோதனை நிரல் எப்போதும் தோற்று, லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி பில்ட்டில் சேராமலே போனது.

எல்ஜிபிஎல் சற்றுத் தளர்வானது. ஆனாலும் அதை ஸ்டாட்டிக்காக இணைத்து உங்களுக்குத் தந்தால், அந்த லைப்ரரியின் புதிய பதிப்பைக் கொண்டு நீங்களே மறுபடி இணைத்துக்கொள்ளத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளையோ அதற்கு ஈடான வழியையோ தர வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி போன்றவை கேட்பது கொஞ்சமே: பதிப்புரிமைக் குறிப்பை உடன் அனுப்பு என்பதுதான். அதையும் பலர் செய்வதில்லை, காரணம் மூன்றாம் படியில் யார் இருக்கிறார் என்று அவர்களுக்கே தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்வதால் இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டதல்ல, சட்டம் சம்பந்தப்பட்டது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற நிரல் எப்படி இயங்குகிறது என்பதைக் கவனித்துப் படித்துச் சோதிப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராயத் தயங்குகிறவர்கள் இதை ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்துத் தெளியலாம்.

மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ சிறு ஆலையோ, மென்பொருள் வாங்கும்போது ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை உண்டு. எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன்டிஎக்ஸ் வடிவில் பட்டியல் வேண்டும்; எல்லாப் படிகளும் அதில் வர வேண்டும்; ஒவ்வொரு லைப்ரரிக்கும் பதிப்பு எண்ணும் உரிமமும் இருக்க வேண்டும். புதிய வெளியீடு வரும்போதெல்லாம் பட்டியலும் புதிதாக வர வேண்டும். உள்ளிருக்கும் லைப்ரரியில் ஓட்டை வெளியானால் எத்தனை நாளில் தெரிவிப்பார்கள் என்பதையும் எண்ணாக எழுதுங்கள். இந்தியாவில் சைபர் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு உத்தரவு வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. அந்த ஆறு மணி நேரத்தில் பட்டியலைத் தேடி அலைய முடியாது.

விற்றவர் பட்டியல் தர மறுத்தால் சிஃப்ட், டிரிவி போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு நீங்களே கன்டெய்னர் இமேஜிலிருந்து ஒரு பட்டியல் எடுக்கலாம். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜுகளை அவை நன்றாகவே பிடிக்கும். ஸ்டாட்டிக்காகக் கட்டப்பட்டு ஒரே பைனரிக்குள் கரைந்துவிட்ட சி லைப்ரரியை அவை தவறவிடுவது சகஜம். ஆகவே கருவியின் பட்டியலை விற்றவரிடம் காட்டி, விடுபட்டதை நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். பில்ட் செய்தவரிடம்தான் முழுப் பதில் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. சார்பை ஒழுங்காக அறிவிப்பது போலவே, தேவையற்ற சார்பை வெட்டிவிடுவதும் வேலைதான். எக்ஸ்இசட் சம்பவத்துக்குப் பிறகு ஓபன்எஸ்எஸ்ஹெச் குழு அதைத்தான் செய்தது. சிஸ்டம்டி-க்குத் தகவல் சொல்லும் அந்தச் சின்ன வேலையை, லிப்சிஸ்டம்டி-யே தேவைப்படாமல், தங்கள் சொந்த நிரலில் சில வரிகளாக எழுதி 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் சேர்த்துவிட்டார்கள்.