கீழே இறங்கும் சரக்கில் போடுங்கள் பணத்தை!

"கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. ஊட்டியில் என்ன தொழில் தொடங்கலாம்?"

நீலகிரியில் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. திருப்பூரில் சூப்பர்வைசர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் கேட்கிறார். கோவையில் ஐ.டி. வேலையை விட்டவர் கேட்கிறார். பசுந்தேயிலை விலையை நம்பி இனிக் காலம் தள்ள முடியாது என்று முடிவெடுத்த சிறு விவசாயியின் மகள் கேட்கிறார். பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஹோம்மேட் சாக்லேட் கடை போடு. இல்லையென்றால் தேயிலையைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டு இரண்டு காட்டேஜ் கட்டு.

முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சாக்லேட்டிலிருந்தே தொடங்குவோம். கோகோ ஊட்டியில் விளைவதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிறது. ஊட்டியின் சொத்து அதன் குளிர். சிறிய கடைக்காரர்கள் கட்டியாக வரும் சாக்லேட் பாளங்களை வாங்கி, கொதிக்கும் நீருக்கு மேல் பாத்திரம் வைத்து உருக்கி, முந்திரி, பாதாம், திராட்சை சேர்த்து அச்சில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். சமவெளியில் இதற்கு ஏசி அறை வேண்டும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அறையின் குளிரே போதும். அடுப்பு, அச்சு, தராசு, சுற்றும் தாள், உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று முதலீடும் சிறியது. வீட்டின் ஓர் அறையிலேயே ஆரம்பித்துவிடலாம்.

நமக்கு எளிது என்றால் பக்கத்துக் கடைக்காரருக்கும் எளிதுதானே? ஊட்டி சேரிங்கிராஸில் நின்று சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாக்லேட் போர்டு. பல கடைகளில் அதே பாளம், அதே அச்சு, அதே முந்திரி. வித்தியாசம் இல்லாத சரக்கை விலை குறைத்துத்தான் விற்க முடியும். வாங்கும் விலையோ நம் கையில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்து, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியபோது, அந்த அடி ஊட்டியின் சின்னக் கடை வரைக்கும் வந்தது. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் பாளத்துக்கு மாறிச் செலவைக் குறைக்கலாம். ஆனால் சுவை தெரிந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஒரு நிம்மதி.

சரக்கைவிடப் பெரிய செலவு கடைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தெருவில் ஒரு சின்னக் கடை, வாடகை மாதம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் 24,000. மின்சாரம், வண்டி வாடகை, சில்லறைச் செலவு 6,000. ஆக மாதம் 50,000 ரூபாய், ஒரு பெட்டி விற்காவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். கடன் தவணையை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஏப்ரல், மே சீசன், செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன், கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மாத வியாபாரம். மிச்சம் ஏழு மாதங்களுக்கு நிலைச் செலவு மட்டும் 3,50,000 ரூபாய். அந்த மாதங்களில் விற்பனை மூலம் மாதம் 20,000 ரூபாய் லாபம் நின்றால்கூட 1,40,000தான் தேறும். இன்னும் 2,10,000 ரூபாயை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கட்டட உரிமையாளர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் 2,00,000. ஐந்து லட்சத்தில் 4,10,000 ரூபாய் சுவருக்கும் மழை மாதங்களுக்குமே சரி. சரக்கு வாங்க மிஞ்சுவது 90,000.

முதல்முறை தொழில் தொடங்குபவர்களில் பலர் இந்த 2,10,000 ரூபாயைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மே மாதம் கல்லாவில் புரளும் பணத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். ஜூலையில் தென்மேற்கு மழை கொட்டும்போது வாடகைக்கு நகை வங்கிக்குப் போகிறது. ஆகஸ்டில் குழுக்கடன். இரண்டாவது சீசனில் வருவது வட்டிக்குப் போய்விடுகிறது.

சீசனும் முன்பு போல இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் மலை தாங்காது என்பதால் வந்த ஏற்பாடு இது. வரும் கூட்டம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் என்ற அனுமானத்தில் இனி ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது.

காட்டேஜ் கனவு

இப்போது அந்த இரண்டாவது பதிலுக்கு வருகிறேன்.

கோத்தகிரி, மஞ்சூர், குந்தா, கேத்தி என்று எந்தப் பக்கம் போனாலும், ஹட்டிக்கு ஹட்டி (ஊருக்கு ஊர்) இந்தப் பேச்சுதான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம். கிலோ பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் பறிகூலிக்கும் உரத்துக்கும் போகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாலரை கிலோ இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்பது விலைப் பகிர்வு முறை. ஏலத்தில் தூள் விலை விழுந்தால் இலை விலையும் விழுகிறது. இந்த வேதனையைத் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து அனுபவிப்பவர்களிடம் போய்த் தேயிலையை விடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். அந்த அரை ஏக்கர் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாவது காசு தருகிறது. தொழில் தோற்றாலும் அடுப்பெரிய வழி இருக்கிறது. அதன் பட்டாவை அடமானம் வைத்துக் கட்டடம் எழுப்பினால், தோற்கும்போது தொழிலும் போகும், சோறும் போகும்.

அடுத்து, எங்கே கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் நிலச்சரிவு அபாயம் உள்ளவை என்று 283 இடங்கள் பட்டியலில் இருக்கின்றன. தேயிலைச் செடியின் வேர் சரிவான மண்ணைப் பிடித்து நிற்கிறது. அதைப் பிடுங்கி, சரிவை வெட்டிச் சமன் செய்து, மேலே கான்கிரீட் ஏற்றினால் மழைநீர் எங்கே போகும்? கீழே இருக்கும் வீடு யாருடையது?

சட்டமும் சும்மா விடாது. மலைப்பகுதிக் கட்டட விதிகளில் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பொக்லைன் கொண்டுவரவும் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் கட்டுப்பாடு. குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிக் காட்டேஜாக நடத்தினால் என்றைக்கு வேண்டுமானாலும் சீல் வரும். கூடலூர் பக்கம் என்றால் 1969 ஜன்மம் சட்டத்தின் பிரிவு 17இல் சிக்கிய நிலமா என்று பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. மசினகுடி வட்டாரத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். யானை வழித்தடத்தில் இருந்த 27 விடுதிகள் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டன. 2020 அக்டோபரில், அது யானை வழித்தடம் என்ற அரசு அறிவிக்கையையே நீதிமன்றம் உறுதி செய்தது. போட்ட பணம் அப்படியே நின்றது.

காட்டேஜ் கட்டி நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலா இல்லாமல் இந்த மாவட்டம் ஓடாது என்பதும் உண்மைதான். அவர்களில் பலர் நிலம் மலிவாக இருந்த காலத்தில், சொந்தப் பணத்தில் இறங்கியவர்கள். கடன் வாங்கி இன்று இறங்குபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மலையில் விளைவது

பிறகு எதில்தான் போடுவது? மேலே ஏறி வருபவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தொழிலைவிட, மலையில் விளைவதைக் கீழே அனுப்பும் தொழிலில் போடுங்கள் என்பதுதான் என் பதில். கோவைக்கும் சென்னைக்கும் சீசன் கிடையாது. மழை பெய்தாலும் அங்கே டீ குடிப்பார்கள், தேன் வாங்குவார்கள்.

இது புது யோசனையும் அல்ல. கோவைக்கும் மலைக்கும் இடையே வெள்ளைக்காரர்களின் தபால் சுமந்து நடந்த ஒருவர், அவர்களுக்காக வெண்ணெயும் சுமந்தார். 1905இல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வியாபாரத்தையே வாங்கிக் குன்னூர் அருகே சின்னக் கடை போட்டார். 1936இல் அந்தக் கடை பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்கு இறங்கியது. பிறகு தென்னிந்தியாவின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒன்றாக அது ஆன கதை உங்களுக்குத் தெரியும். அதன் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. அவருடைய முதலீடு சரக்கும், சரக்கு போகும் வழியைப் பற்றிய அறிவும்தான்.

இன்றைய உதாரணமும் இருக்கிறது. கோத்தகிரியை மையமாகக் கொண்டு 2013இல் பதிவான 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்'. காட்டுத் தேன், சிறுதானியம், நெல்லிக்காய், மிளகு போன்றவற்றை ஊர்களிலேயே பதப்படுத்தி வெளியே விற்கிறது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. காட்டேஜ் கட்டி வாங்கிய பரிசு இல்லை அது. பதமாக எடுத்த தேனும், அதை வடிகட்டி, ஈரப்பதம் பார்த்துப் பாட்டிலில் அடைக்கும் ஒழுங்கும் கொண்டுவந்து சேர்த்த பரிசு.

தேயிலையிலும் வழி இருக்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 2006 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. எல்லோருக்கும் அந்த விலை கிடைக்காது. ஆனால் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கையால் பறித்து, சிறிய உருட்டும் எந்திரத்தில் உருட்டி, உலர்த்தி, 100 கிராம் டப்பாவில் விற்கும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழுவால், மூட்டையில் இலை போடுவதைவிட நிச்சயம் அதிகம் சம்பாதிக்க முடியும். இதற்குக் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். முதல் வருடம் சரக்கு கெடும். அந்தக் கெடுதலுக்கும் பணம் ஒதுக்கித்தான் இறங்க வேண்டும். பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு உள்ள மாவட்டம் என்பதால் பொட்டலத்துக்குத் தாளும் தகரமும் கண்ணாடியும்தான். கண்ணாடி என்றால் மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு எடைக் கூலி கூடும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் ஒரு பெண் 10 லட்ச ரூபாய் திட்டம் போட்டால், அவர் கையிலிருந்து 50,000 போட்டால் போதும். 35 சதவீதம், அதாவது 3,50,000 ரூபாய் மானியம். அது கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். மானியத்தைச் செலவுப் பணமாக நினைத்தவர்கள் முதல் வருடமே திணறுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் திட்டத்தில் நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கவே கூடாது. எந்திரத்துக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் பணம் உண்டு. நிலத்தில் பணத்தை முடக்கக் கூடாது என்பது திட்டம் வகுத்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

குறுந்தொழில் கடனுக்கு ஒரு வரம்பு வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அந்த வரம்புக்குள் தொடங்குங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் போய் விண்ணப்பத்தைக் கேளுங்கள். யாராவது பட்டாவைக் கொண்டுவா என்று சொன்னால், அந்த விதியைச் சொல்லி எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேளுங்கள். அந்த வரம்புக்கு மேல் வேண்டும் என்று உங்கள் திட்டம் சொன்னால், அதில் கட்டடம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிப் பாருங்கள். கட்டடத்தை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

தொழில் தொடங்க வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இந்த மலையின் பிள்ளைகள் சம்பளத்துக்குக் கீழே இறங்கிப் போனது போதும். இனி அவர்கள் சரக்கு இறங்கட்டும். அப்பா கொடுத்த அரை ஏக்கர் பட்டாவை மட்டும் எந்தக் காட்டேஜுக்காகவும் யாரிடமும் அடமானம் வைத்துவிடாதீர்கள்.