நாலு மணி நேரப் பயணத்துக்கு எந்த விமானம்?

சென்னைத் துறைமுகத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஏறி, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த மூத்த வணிகர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. அன்று நாள் கணக்கில் கடலில் கழிந்த தூரத்தை இன்று விமானம் நாலு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக், துபாய் ஆகிய நான்குமே சென்னையிலிருந்து மூன்று முதல் நாலரை மணி நேரத்துக்குள் அடங்கிய ஊர்கள். நம் கொள்முதல் பயணங்களில் பெரும்பகுதி இந்த ஊர்களுக்கோ, இவற்றின் வழியாகவோதான்.

இந்த நாலு மணி நேரம்தான் நம்மை ஏமாற்றுகிற தூரம். கொழும்புக்கு ஒன்றேகால் மணி நேரம், எந்த விமானத்திலும் போகலாம். லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். அதற்கு யாரும் நாலு பேரைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். இடைப்பட்ட இந்தப் பயணத்துக்கு மட்டும் ‘நாலு மணி நேரம்தானே’ என்று குறைந்த விலையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். கடையில் ஒரு மூட்டைச் சரக்கு எடுக்கும்போது வண்டி வாடகை, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்க விலை போடுகிற நாம், டிக்கெட்டுக்கு அந்த அடக்க விலையைப் போடுவதில்லை.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். 2024 அக்டோபரில் சங்கத்து உறுப்பினர்கள் ஆறு பேர் குவாங்சோ நகரின் காண்டன் சந்தைக்குப் புறப்பட்டோம். 1957 முதல் நடந்துவரும் சந்தை அது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்களாக நடக்கும். வீட்டு உபயோகப் பொருள்களுக்கான இரண்டாம் கட்டம் அக்டோபர் 23 முதல் 27 வரை, ஐந்தே நாட்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பெனியிலும், அங்கிருந்து குவாங்சோவுக்கு வேறொரு கம்பெனியிலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தோம். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் கூட ஆகியிருக்கும். நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி இருந்ததால் துணிச்சலாகப் போனோம்.

முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். கோலாலம்பூரில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடியபோது அடுத்த விமானம் போய்விட்டது. முதல் கம்பெனி, ‘உங்களைக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது’ என்றது. இரண்டாவது கம்பெனி, ‘நீங்கள் வரவில்லை, டிக்கெட் செல்லாது’ என்றது.  போகும் பயணத்துக்கு வராததால் திரும்பும் டிக்கெட்டும் அதோடு ரத்தாகிவிட்டது என்பதை மறுநாள்தான் அறிந்தோம். ஒரு இரவு அறை வாடகை, புது டிக்கெட்டுகள் என்று மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போனது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. எங்களில் இருவர் கண்ணாடி ஜாடி செய்யும் ஆலைக்காரர் ஒருவரை 24-ம் தேதி காலையில் சந்திப்பதாக இருந்தது. பொங்கலுக்குள் கரை சேர வேண்டிய சரக்கு. ஒரு நாள் கழித்துப் போய் நின்றபோது, அவர் நவம்பர் மாத உற்பத்தியை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் சரக்கு வந்து இறங்கியது பிப்ரவரியில். பொங்கல் சீசன் முடிந்து வந்த ஜாடியை எந்த விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது என்பதைப் பாத்திரக்கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் விசாரணை இதுதான்: கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டா? ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊருக்கே நேராகப் போய்விடும். இரண்டு கம்பெனிகள் சேர்ந்து விற்கும் டிக்கெட்டானால், உண்மையில் விமானத்தை ஓட்டுவது யார் என்று ஏஜெண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். குவாங்சோ போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2020-ல் நின்றுபோன இந்திய-சீன நேரடிப் போக்குவரத்து, 2025 அக்டோபரில் இண்டிகோவின் கொல்கத்தா-குவாங்சோ விமானத்தோடு மறுபடி தொடங்கியது. அந்த வழியையும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, அந்தக் கம்பெனி அந்த ஊருக்கு வாரத்துக்கு எத்தனை விமானம் விடுகிறது என்பது. இதை யாரும் கேட்பதே இல்லை. ஆனால் எங்கள் எண்ணத்தில் இருக்கையையும் சாப்பாட்டையும்விட இது முக்கியம். தினம் இரண்டு விமானம் விடுகிறவர் ஒன்றை ரத்து செய்தால் அன்று மாலையே போய்விடலாம். வாரம் மூன்று விமானம் விடுகிறவர் ஒன்றை ரத்து செய்தால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சந்தை நமக்காகக் காத்திருக்காது.

எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதும் விலையில் சேர்த்தி. பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. தாய் ஏர்வேஸ் இறங்குவது சுவர்ணபூமியில். தாய் ஏர்ஏசியா இறங்குவது பழைய டான் மியாங்கில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் ஏற வேண்டுமானால் நகர நெரிசலைக் கடந்து போக வேண்டும். கோலாலம்பூரிலும் ஏர்ஏசியா இருப்பது 2014-ல் திறந்த இரண்டாம் முனையத்தில். பழைய முனையத்துக்கு ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். துபாயில் தேராவின் மொத்தக் கடைகளுக்குப் போகிறவர்கள், ஷார்ஜாவில் இறங்கும் மலிவு டிக்கெட்டை எடுத்தால் காலை நேரச் சாலை நெரிசலையும் டாக்சிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும். துபாய் விமான நிலையமோ தேராவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மூட்டை விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது போகும்போது அல்ல, வரும்போது. பட்ஜெட் விமானத்தின் அடிப்படைக் கட்டணத்தில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோ மட்டும்தான். போகும்போது இரண்டு சட்டையோடு போய்விடலாம். வரும்போது மாதிரிச் சரக்கு, விலைப்பட்டியல் புத்தகம், பேரப்பிள்ளைக்குப் பொம்மை என்று 25 கிலோ சேர்ந்துவிடும். அதை முன்கூட்டியே வாங்கினால் ஒரு விலை. விமான நிலைய கவுண்டரில் கிலோ கணக்கில் நிறுத்தால் வேறு விலை, பல மடங்கு. கணக்கைக் காட்ட ஒரு உதாரணம்: 17,000 ரூபாய் டிக்கெட்டில் மூட்டைக்கு 5,000, சாப்பாட்டுக்கு 1,000, தேதி மாற்ற 4,000 சேர்ந்தால் 27,000. இவை எல்லாம் அடங்கிய 25,000 ரூபாய் டிக்கெட்டை அதிகம் என்று தள்ளிவிட்டு வந்திருப்போம். தேதி மாற்றத்தைச் சேர்த்தது வேண்டுமென்றேதான். பேரம் நீண்டுபோய் ஒரு நாள் கூடத் தங்க வேண்டி வருவது நம் தொழிலில் சகஜம்.

கிழக்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. சிங்கப்பூர், மலேசியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11.30-க்கு ஏறினால் அங்கே காலை ஆறரை மணி. தூக்கம் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. கண் எரிச்சலோடு உட்கார்ந்து விலை பேசினால் யாருக்கு லாபம்? அறைக்கு மதியம்தான் சாவி தருவார்கள். பகல் விமானம் சற்று விலை கூடினாலும் முதல் நாளே இறங்கித் தூங்கி எழுந்து போவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளுக்கு முன்பாவது சொல்லி வைக்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு கேட்டால் ரொட்டியும் வெண்ணெயும்தான்.

கம்பெனியின் பண நிலைமையையும் பார்க்க வேண்டும். கடன் சரக்கு கொடுக்குமுன் வாங்குகிறவரின் கடையை ஒரு நடை பார்த்து வருகிறோம் அல்லவா? 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தின. முன்பணம் கட்டியிருந்தவர்கள் கடன்காரர் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஆறு மாதம் முன்னாலேயே கூட்டமாக டிக்கெட் எடுத்தால் சலுகை என்று ஏஜெண்ட் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், விமானம் பறக்காதபோது வங்கியிடம் முறையிடவாவது வழி உண்டு.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் முன்பதிவின்போதே பதிவு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். சாதாரண வகுப்புக்கு 5 சதவிகிதம், பிசினஸ் வகுப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதம் வரி. தொழில் பயணம் என்றால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியுண்டு. காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஏஜெண்ட் தரும் ரசீது அவருடைய கமிஷனுக்குத்தான். விமான கம்பெனியின் பில்லைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி காணாமல் போனால் மாண்ட்ரியல் ஒப்பந்தம் நமக்குத் துணை. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை, அதாவது சுமார் 1.8 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே படிவம் எழுதி நகல் வாங்குங்கள். விலை உயர்ந்த மாதிரிச் சரக்கைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது மேல்.

எங்கள் ஆறு பேரும் அடுத்த முறை ஒரே டிக்கெட்டாக, பகல் விமானத்தில், சந்தை தொடங்குவதற்கு முதல் நாளே இறங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பாத்திரக்கடை நண்பர் மட்டும் இன்னும் அந்த ஆறாயிரம் ரூபாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். அவரும் எங்களோடுதான் வருகிறார்.